கும்மந்தான் கான் சாகிபு

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு உண்டு. வைகைக்கு வடக்கே, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஆனையூரில் வசிக்கும் எனக்கு, நகருக்குள் செல்லும் நாளெல்லாம் அந்தப் பெயர்ப் பலகை கண்ணிற் படும். எத்தனையோ ஆயிரம் மாணவர்கள் அதனைக் கடந்து போகிறார்கள். கான்சா என்பது யார், அவர் பெயரில் ஏன் ஒரு மேடு என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. கான் சாகிபு என்பதே மக்கள் நாவில் கான்சா என்று குறுகிற்று. கமாண்டன்ட் என்னும் ஆங்கிலப் பட்டத்தையும் தமிழ் மக்கள் விட்டு வைக்கவில்லை. அதனைக் கும்மந்தான் ஆக்கிக்கொண்டார்கள். நாட்டுப்புறக் கதைப்பாடல் அவரைக் கும்மந்தான் கான் சாகிபு என்றே அழைக்கிறது. கும்பினியாரின் கடிதங்கள் முகம்மது யூசுப் கான் என்கின்றன. அந்த ஒரு படைத்தலைவரின் வாழ்வையும் முடிவையும் பற்றியதே இப்பேச்சு.

யூசுப் கான் வாழ்ந்த காலத்தின் இயல்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் நாட்டில் உறுதியான அரசு என்று ஒன்று இல்லை. மதுரை நாயக்கர் ஆட்சி 1736-இல் இராணி மீனாட்சியோடு முடிவுற்றது. ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகம்மதலியும் போட்டியிட்டனர். முன்னவர் பக்கம் பிரெஞ்சுக்காரரும் பின்னவர் பக்கம் ஆங்கிலக் கும்பினியாரும் நின்றனர். மைசூரார் ஒரு புறம், மராட்டியர் ஒரு புறம், தெற்கே பாளையக்காரர்கள் ஒரு புறம். இத்தகைய காலத்தில் கையில் வாளும் நெஞ்சில் துணிவும் உடையவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நூறு பேரைத் திரட்டி அழைத்துக்கொண்டு வருகிறவனை, சம்பளம் பேசி எந்தப் பக்கத்தாரும் ஏற்றுக்கொண்டனர். தேசம் என்ற எண்ணம் அன்று இல்லை. உப்பிட்டவர் என்ற எண்ணம் இருந்தது. இதனை மறந்துவிட்டு யூசுப் கானை எடை போடப் புகுந்தால் தராசு தவறாகவே காட்டும்.

அவர் ஏறத்தாழ 1725-ஆம் ஆண்டில் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்தார் என்பது மரபு. வேளாளர் குடியிற் பிறந்து, மருதநாயகம் என்னும் பெயருடன் இருந்து, இளமையிலேயே ஊரை விட்டுச் சென்று இசுலாத்தைத் தழுவினார் என்றும் அம்மரபு கூறும். இளமைப் பருவத்தைப் பற்றிக் கதைகள் பல உலவுகின்றன. அவற்றை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. ஆவணங்களின் வெளிச்சத்திற்கு அவர் வருவது 1752-ஆம் ஆண்டில். அவ்வாண்டு இராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுச் சீமையிற் போரிட்டுக் கொண்டிருந்தபோது, யூசுப் கான் தாமே திரட்டிய சிப்பாய்களோடு அவரிடம் வந்து சேர்ந்தார்.

திருச்சிராப்பள்ளி முற்றுகைதான் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம். 1753, 1754 ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரரும் மைசூர்த் தளவாய் நஞ்சராஜரின் படையும் அக்கோட்டையைச் சூழ்ந்து நின்றனர். உள்ளே ஆங்கிலேயர், அவர்களுக்குச் சோறு வெளியிலிருந்து வர வேண்டும். புதுக்கோட்டைத் தொண்டைமானின் சீமைக் காடுகளுக்குள் தானியத்தைச் சேர்த்து, மாடுகளின் முதுகில் ஏற்றி, எதிரியின் குதிரைப்படை கண்ணில் படாமல் இரவோடிரவாகக் கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்பது விளையாட்டல்ல. எந்த வழியில் எதிரி காவல் வைத்திருக்கிறான், எந்தக் காட்டுப் பாதையில் வண்டி போகும், எந்த இரவில் புறப்படுவது என்பவற்றையெல்லாம் ஒற்றர் மூலம் அறிந்து திட்டமிட்டவர் யூசுப் கான். பீரங்கி வெடிப்பதும் கொடி ஏறுவதுமே போர் என்று நாம் எண்ணுகிறோம். மாணவர்கள் ஒன்று குறித்துக்கொள்க: திருச்சிக் கோட்டையைக் காத்தவற்றுள் அரிசி மூட்டை முதலிடம் பெறும். படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய பரிந்துரையின்மேல் 1754-இல் யூசுப் கான் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆக்கப்பட்டார். பொற்பதக்கம் ஒன்றும் அவருக்கு அளிக்கப்பட்டது.

அதே முற்றுகையின்போது அவருக்கு வந்த ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பா என்பவர் மறைவாக மைசூராரோடு பேரம் பேசி வந்தார். யூசுப் கான் இருக்கும் வரை கோட்டை விழாது என்பது அவர் கணக்கு. ஆகவே நஞ்சராஜர் யூசுப் கானுக்கு எழுதியதுபோல் ஒரு பொய்க் கடிதம் உண்டாக்கப்பட்டு, ஆங்கிலேயர் கையில் அகப்படும் வண்ணம் போடப்பட்டது. யூசுப் கான் உடனே காவலில் வைக்கப்பட்டார். விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. பொன்னியப்பா பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஒரு துண்டுக் காகிதம் போதும், எசமானர் ஐயுறுவதற்கு. இந்தப் பாடத்தை யூசுப் கான் பத்து ஆண்டுகள் கழித்தும் மறந்திருக்க மாட்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வரி தண்டச் சென்ற படையில் யூசுப் கானும் இருந்தார். அந்தப் படையெடுப்பு கும்பினிக்குப் பெருமை தருவதன்று. மதுரைக்கு அருகே கோயில்குடியிலிருந்து தெய்வத் திருவுருவங்களை ஹெரான் கவர்ந்து சென்றார். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் பெருமக்கள் அப்படையை மடக்கித் தாக்கித் தங்கள் தெய்வங்களை மீட்டுக்கொண்டனர். ஹெரான் பின்பு இராணுவ விசாரணைக்கு உட்பட்டு வேலையை இழந்தார். இதற்குப் பின் மதுரைச் சீமை நவாபின் தமையன் மாபூசுகான் கையில் இருந்தது, அவரும் கலகக்காரரானார். 1757-ஆம் ஆண்டு செப்டம்பரில் காப்டன் கய்லாடு ஓர் இலட்சத்து எழுபதினாயிரம் ரூபாய் கொடுத்தே மதுரைக் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. சுவரை உடைக்க முடியாத இடத்தில் பணப்பை திறந்தது.

யூசுப் கானின் போர்த்திறம் உச்சத்தை எட்டியது சென்னை முற்றுகையின்போது. பிரெஞ்சுத் தளபதி லல்லி 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். தெற்கேயிருந்து அழைக்கப்பட்ட யூசுப் கான் கோட்டைக்குள் புகவில்லை, வெளியிலேயே நின்றார். செங்கற்பட்டிலிருந்து பரங்கிமலை வரை சுற்றித் திரிந்து, லல்லிக்கு வரும் உணவையும் மருந்தையும் வழியிலேயே மறித்தார். விரட்டினால் கலைவர், கலைந்த இடத்தை விட்டு வேறிடத்தில் மீண்டும் வந்து மொய்ப்பர். ஈக்களைப் போல் இவர்கள் தொல்லை தருகின்றனர் என்று லல்லியே சலித்துக்கொண்டார். திருச்சியில் உணவு கொண்டுவரக் கற்றவர் சென்னையில் உணவை நிறுத்தக் காட்டினார். பிப்ரவரி 17-இல் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லல்லி முற்றுகையை நீக்கிச் சென்றார். பிரெஞ்சு ஆதிக்கம் தென்னாட்டில் சரியத் தொடங்கியது அந்த நாளிலிருந்து என்று சொல்வது மிகையாகாது.

இந்தச் சேவைக்குப் பின் 1759-இல் அவர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சியாளராக அனுப்பப்பட்டார். ஆட்சியாளர் என்றால் இக்காலத்து மாவட்ட ஆட்சித் தலைவரைப் போல் மாதச் சம்பளம் வாங்கும் அலுவலர் அல்லர். ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் செலுத்துவதாக ஒப்புக்கொண்ட குத்தகைதாரர். நம் ஊர்க் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குத்தகைப் பணத்தைக் கட்டிவிட்டால், மிகுதி மீன் அவருடையது. மீன் அகப்படாவிட்டால் இழப்பும் அவருடையதே. ஆனால் கண்மாய்க்கு உடையவர் யார் என்பதில் வழக்கு இருந்தால் குத்தகைதாரர் பாடு என்ன? யூசுப் கானின் பிற்காலத் துயரம் முழுவதும் இந்தக் கேள்வியிலேயே அடங்கிக் கிடக்கிறது. சீமையின் பெயரளவு உடைமை நவாபு முகம்மதலியுடையது. அவரை அங்கே அமர்த்தியதோ கும்பினி. கும்பினியின் வேலையாளாகத் தம்மை எண்ணினார் யூசுப் கான். தம் வேலையாளாக அவரை எண்ணினார் நவாபு.

ஆட்சி கடுமையாக இருந்தது; ஒழுங்காகவும் இருந்தது. வழிப்பறி அடங்கியது. வாணிகர் பயமின்றிப் பயணம் செய்தனர். நெசவாளரை ஊக்கினார்; குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார்; முந்திய ஆட்சியாளர் பறித்துக்கொண்ட மீனாட்சியம்மன் கோயில் வருவாயைத் திரும்பக் கொடுத்தார். ஓர் இசுலாமியத் தலைவர் செய்தது என்று இதனைத் தனியே வியந்து பேசுவார் உண்டு. எனக்கு அதில் வியப்பில்லை. மதுரையை ஆள விரும்புகிறவர் எவரும் மீனாட்சியின் சன்னிதியில் விளக்கணைய விடமாட்டார். அது பக்தியாயினும் அரசியல் அறிவாயினும் பயன் ஒன்றே. 1760-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியில் படையிறக்கி ஆழ்வார்திருநகரி வரை வந்தபோது அவர்களைத் துரத்தியவரும் இவரே.

ஆனால் இந்த ஒழுங்குக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. மறைக்காமற் சொல்ல வேண்டும். நெற்கட்டுஞ்செவலின் பூலித்தேவர் கும்பினிக்கும் நவாபுக்கும் வரி செலுத்த மறுத்து, மேற்குப் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்து நின்றார். அவருடைய வாசுதேவநல்லூர்க் கோட்டை மண்ணாற் கட்டியது. ஆயினும் 1759-இல் யூசுப் கானின் பீரங்கிகளை அது தாங்கி நின்றது. யூசுப் கான் பின்வாங்கினார். மீண்டும் வந்தார், 1761-இல் நெற்கட்டுஞ்செவல் வீழ்ந்தது. கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் பீரங்கி வாயில் மாண்டதையும் மக்கள் மரபு யூசுப் கானின் பெயரோடு சேர்த்தே சொல்கிறது. இன்று நாம் விடுதலை வீரர்களாகப் போற்றுகின்றவர்களை அடக்கியது இந்தக் கைதான். யூசுப் கானை முதல் விடுதலை வீரர் என்று மேடையில் முழங்குவோர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றனர். பக்கம் இருக்கத்தான் செய்கிறது.

இனிப் பகை வளர்ந்த கதைக்கு வருவோம். பாளையங்கள் அடங்கி வரி ஒழுங்காக வரத் தொடங்கியதும் நவாபுக்கு ஐயம் பிறந்தது. இவ்வளவு பணமும் இவ்வளவு படையும் உள்ள குத்தகைதாரர் நாளை யாருக்கு அடங்குவார்? யூசுப் கான் சிப்பாய்களைப் பெருக்கினார், பீரங்கிகளையும் வெடிமருந்தையும் சேர்த்தார் என்பதும் உண்மை. 1762-இன் இறுதியில் திருவிதாங்கூரோடு போரிலும் இறங்கினார். கணக்கை ஒப்புவிக்கச் சென்னைக்கு வருமாறு கட்டளை சென்றது. அவர் போகவில்லை. திருச்சியில் பொய்க் கடிதம் ஒன்றினாற் காவலில் இருந்த மனிதர், தம் பகைவர் சூழ்ந்திருக்கும் இடத்திற்குத் தனியே செல்ல அஞ்சியிருந்தால் அதில் புதுமை என்ன?

இந்நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஓர் இடி விழுந்தது. ஏழாண்டுப் போரை முடித்த பாரிசு உடன்படிக்கை 1763 பிப்ரவரி 10-இல் கையெழுத்தாயிற்று. வட அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும் பங்கிடப்பட்ட அவ்வுடன்படிக்கையின் ஒரு பிரிவில், முகம்மதலியே கருநாடகத்தின் முறையான நவாபு என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. பனையூர் மனிதர் ஒருவரின் விதியைப் பாரிசில் உட்கார்ந்தவர்கள் அவர் பெயரையும் அறியாமல் எழுதி முடித்தனர். இனி நவாபை எதிர்ப்பது கும்பினியின் நண்பனையும் உடன்படிக்கையையும் எதிர்ப்பதாகும். கும்பினிக்கு நவாபு பெருங்கடன் பட்டிருந்தார். கடன்பட்டவன் வாழ்ந்தால்தானே கடன் வசூலாகும்? ஒரு கமாண்டன்டின் பதினோராண்டுச் சேவை இந்தத் தட்டில் எடை குறைந்து போயிற்று. 1763-இல் யூசுப் கான் வெளிப்படையாக எதிர்த்தெழுந்தார். மார்ச்சந்து என்னும் பிரெஞ்சுக்காரரும் அவர் கூட்டத்தாரும் மதுரைக்கு வந்து சேர்ந்தனர். கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று.

மதுரைக் கோட்டையை இன்று காண இயலாது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் அதனை இடித்து அகழியைத் தூர்த்தார். அவ்வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிலைத்தது. வெளி வீதிகள் நான்கையும் சுற்றி நடந்தால் பழைய கோட்டையின் அளவு புலப்படும். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே மேல வெளி வீதியில் எஞ்சி நிற்கும் கொத்தளத்தைப் போய்ப் பாருங்கள். அதன் கனத்தைக் கண்டால்தான் அடுத்து நிகழ்ந்தது விளங்கும்.

1763-இல் கர்னல் மான்சன் முற்றுகையிட்டார், கோட்டை அசையவில்லை, மழைக்காலம் வந்ததும் முற்றுகை கலைந்தது. 1764-இல் மேஜர் காம்பெல் தலைமை ஏற்றார். ஜூன் 26-ஆம் நாள் உடைந்த மதிலின்மேல் ஆங்கிலப் படை ஏறியது. யூசுப் கானின் வீரர் அதனைத் தள்ளி வீழ்த்தினர். மேஜர் பிரஸ்டன் அத்தாக்குதலிற் பட்ட காயத்தால் இறந்தார். ஏறியவர்களுள் பலர் முன்பு யூசுப் கானின் கட்டளையின் கீழ் நடந்த சிப்பாய்களே. உள்ளே நின்று தடுத்தவர்களும் அவர் பழக்கியவர்களே. அதன்பின் காம்பெல் மதிலை விட்டுவிட்டு வயிற்றைத் தாக்கினார். எல்லா வழிகளையும் அடைத்தார். உணவு உள்ளே செல்லவில்லை. திருச்சிக்கு இரவிலே நெல் கொண்டு சென்றவரும், லல்லியின் வழிகளை மறித்தவரும் ஆகிய அதே மனிதர், தம் படை பட்டினியால் மெலிவதை மதுரை மதிலுக்குள் இருந்து பார்த்துக் கொண்டிருந்தார்.

பசி வந்த வீட்டில் பற்று நில்லாது. 1764 அக்டோபர் 13-ஐ ஒட்டி, அவர் தொழுகையில் இருந்த நேரத்தில் மார்ச்சந்து, திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு ஆகியோர் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினர். கோட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயர் யூசுப் கானை நவாபிடம் ஒப்படைத்தனர். இந்த இரண்டாவது ஒப்படைப்பே எனக்கு மிகவும் உறுத்துவது. தங்கள் கமாண்டன்ட் என்று பதக்கம் கொடுத்தவர்கள், அவர் குற்றவாளியாயின் தாங்களே படை நீதிமன்றத்தில் விசாரித்திருக்கலாம். ஹெரானுக்கு அந்த முறை கிடைத்தது. யூசுப் கானுக்குக் கிடைக்கவில்லை. அக்டோபர் 15-ஆம் நாள் மாலை, நகருக்கு மேற்கே நவாபின் முகாமுக்கு அருகில் ஒரு மாமரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். வயது நாற்பதை எட்டியிருக்கலாம். அவருடைய மனைவி மாசா என்பவர் போர்த்துகீசியக் கலப்பு மரபினர், மகன் கைக்குழந்தை.

கயிறு இருமுறை அறுந்தது என்றும், உயிர் எளிதிற் போகவில்லை என்றும், உடலைத் துண்டித்துத் தலையை ஓரூருக்கும் கைகால்களை வேறூர்களுக்கும் அனுப்பினர் என்றும் மக்கள் சொல்வர். அதிலுள்ள அச்சமாவது முற்றும் உண்மை. இறந்த பின்னும் அவரிடம் நவாபுக்கு இருந்த அச்சத்தை மக்கள் அவ்வாறு கதையாக்கி வைத்தனர் என்று கொள்ளலாம்.

இதே தலைமுறையில் உலகின் வேறொரு மூலையிலும் இத்தகைய ஒரு வாழ்வு முடிந்ததை வரலாற்று மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ருசியப் பேரரசின் படையில் தோன் ஆற்றுக் கசாக்கு வீரராகச் சேர்ந்து, அதே ஏழாண்டுப் போரில் பிரஷ்யரோடு பொருதவர் எமிலியான் புகச்சோவ். பின்பு துருக்கியப் போரில் சிறு அதிகாரியாக உயர்ந்தார். 1773-இல் பேரரசி காதரீனுக்கு எதிராக எழுந்து, வோல்கா நதிக்கரையெங்கும் கலகத்தைப் பரப்பினார். 1774-இல் அவரைக் கட்டிக் கொடுத்தவர்களும் அவருடைய சொந்தத் தோழர்களே; 1775 சனவரியில் மாஸ்கோவில் கொல்லப்பட்டார். வேற்றுமையும் உண்டு. புகச்சோவ் பண்ணையடிமைகளுக்கு விடுதலை தருவதாக அறிவித்தார். யூசுப் கான் அத்தகைய அறிவிப்பு எதையும் செய்தவர் அல்லர். தம் குத்தகையையும் தம் மானத்தையும் காக்கவே வாளெடுத்தார்.

அவர் வீரரா துரோகியா என்று மாணவர்கள் பலமுறை என்னைக் கேட்டதுண்டு. துரோகி என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன்; உடைமை யாருடையது என்றே தெளிவுபடுத்தாமல் ஒருவரை அமர்த்திவிட்டு, பின்பு துரோகம் என்பது நேர்மையன்று. விடுதலை வீரர் என்ற சொல்லையும் தயக்கமின்றிச் சூட்ட என் மனம் ஒப்பவில்லை. பூலித்தேவரின் கோட்டை இடையே நிற்கிறது. தம் காலத்துத் தமிழ் நாட்டில் அவரை மிஞ்சிய படைத்தலைவர் இல்லை என்பதை மட்டும் அவருடைய பகைவரும் ஒப்பினர். அத்திறமைக்கு ஏற்ற இடம் கும்பினியின் படையில் இல்லை. பிறப்பால் இந்தியராகிய ஒருவர் ஆங்கில அரசரின் ஆணை பெற்ற அதிகாரியாவதற்கு முதல் உலகப் போரின் நடுவே, 1917-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மாண்டு அப்போது 153 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கும்பினியாரின் கடிதங்களைத் திரட்டி, எஸ். சி. ஹில் என்பவர் 1914-இல் ஆங்கிலத்தில் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். கல்லூரி மாணவர்கள் அதனைப் படிக்கலாம். அதனோடு நாட்டுப்புறக் கதைப்பாடலையும் வைத்துப் படித்தல் வேண்டும். கடிதங்களில் வரவு செலவு இருக்கிறது. பாட்டில் அழுகை இருக்கிறது. படிப்பதற்கு முன் சம்மட்டிபுரத்திற்கு ஒருமுறை சென்று வருவது நன்று. அவர் உடல் அடக்கமான இடத்தில் 1808-இல் கட்டிய சிறு பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. கான் சாகிபு பள்ளிவாசல் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.